வடக்கே ஓர் ஊர் ஆள் தேடுகிறது

வாசகர் கேள்வி – பதில்

கனடாவின் சிற்றூர்க் குடியேற்றத் திட்டத்தைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பாதிக் கடிதங்களில் இருப்பது ஒரே வரி: ‘எனக்கு ஒரு வேலை வாங்கித் தாருங்கள்.’ அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பதில்: என்னால் முடியாது. ஒன்டாரியோ மாகாணத்தின் சுரங்க ஊரான சட்பரியில், கனரக வாகனங்கள் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். சம்பளப் பட்டியல் போடுவது, உதிரிபாகங்களுக்குப் பணம் கட்டுவது, ஆள் எடுக்கும்போது அரசாங்கப் படிவம் நிரப்புவது, இவைதான் என் வேலை. அந்தப் படிவங்கள் வழியாகத்தான் இந்தத் திட்டமே எனக்குப் பழக்கம். சொந்த ஊர் கும்பகோணம். 2006இல் டொராண்டோ வந்து, 2011இல் வடக்கே ஏறிவந்துவிட்டேன். மீதிக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

போன இதழ் கைக்குக் கிடைக்கவில்லை. அது என்ன திட்டம்? கனடாவுக்குப் போக ஏற்கெனவே ஆயிரம் வழி இருக்கிறதே?
– வாசகர், பெரம்பலூர்

அந்த ஆயிரம் வழியும் டொராண்டோவிலும் வான்கூவரிலும் கொண்டுபோய் விடுவதுதான் சிக்கல். புதிதாக வருகிறவர் ஒரு மாமனோ நண்பனோ இருக்கும் பெருநகரத்தில்தான் இறங்குவார். இங்கே வடக்கிலோ, பிள்ளைகள் பள்ளி முடித்ததும் தெற்கே படிக்கப் போகிறார்கள், திரும்புவதில்லை. தங்கிவிட்ட பெரியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்ட முதியோர் இல்லத்தில் ஆள் இல்லை. லாரி நிற்கிறது, கழற்றி மாட்டக் கை இல்லை.

இதற்காக மத்திய அரசு 2019இல் 11 ஊர்களை வைத்து ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஊரின் மக்கள்தொகை 50,000க்குள் இருந்து, பெருநகரத்திலிருந்து 75 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அல்லது 2,00,000 வரை இருக்கலாம், ஆனால் மற்ற பெரிய நகரங்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 31உடன் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 8,500 பேருக்கு மேல் அதன் வழியே பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமை வாங்கியிருந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதற்கு ஒரு தம்பி பிறந்தான். இப்போது 14 ஊர்கள்: ஒன்டாரியோவில் சட்பரி, டிம்மின்ஸ், நார்த் பே, சூ செயின்ட் மரீ, தண்டர் பே, மானிடோபாவில் பிராண்டன், ஸ்டைன்பாக், ஆல்டோனா, சஸ்காட்சுவானில் மூஸ் ஜா, ஆல்பர்ட்டாவில் கிளேர்ஸ்ஹோம், மீதி பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நோவா ஸ்கோஷியாவிலும். எங்கள் சட்பரியில் 1,66,000 பேர். கிளேர்ஸ்ஹோமில் 3,800 பேர்தான். நம் பக்கத்தில் ஒரு எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

வழக்கமான வழியில் அரசாங்கம் உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் மதிப்பெண் போடும். இந்த வழியில், முதலில் அந்த ஊரில் ஒரு முதலாளி உங்களை வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த முதலாளியை, திட்டத்தை அங்கே நடத்தும் ஊர் அமைப்பு முன்னதாகவே சோதித்துத் தன் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். பிறகு ஊர் அமைப்பு உங்களுக்கும் ஒரு பரிந்துரை தர வேண்டும். அதற்குப் பின்தான் விண்ணப்பம் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போகும். பெண்ணுக்குப் பிடித்து, பெண்ணின் அம்மாவுக்கும் பிடித்து, கடைசியில் திண்ணையில் இருக்கும் தாத்தா தலையசைக்க வேண்டிய சம்பந்தம் இது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பி.ஆரை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன, இந்தப் பத்திரிகையும் சேர்த்துத்தான். அது வசிப்புரிமை. குடியுரிமை என்பது பின்னால் தனியாக வாங்குவது. ஓட்டும் பாஸ்போர்ட்டும் அப்போதுதான்.

நாமக்கல்லில் 14 ஆண்டுகளாக லாரி மெக்கானிக். என்ஜின், கியர்பாக்ஸ், ஏர் பிரேக் எல்லாம் கைவந்த வேலை. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். வாரச் சம்பளம், கையில் ரொக்கமாக. எனக்கு வழி இருக்கிறதா?
– வாசகர், நாமக்கல்

உங்கள் கடிதத்தை எங்கள் தலைமை மெக்கானிக்குக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ‘இவரை நாளைக்கே வரச் சொல்’ என்றார். அவர் சொன்னால் போதாது என்பதுதான் விஷயம்.

முதல் தடை படிப்பு. கனடாவின் பள்ளி இறுதி வகுப்புக்கு இணையான படிப்பாவது வேண்டும், அதைச் சான்றிதழ் மதிப்பீடு செய்யும் அமைப்பு ஒன்று உறுதிப்படுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு எடுபடாது. திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க முடியுமா என்று பாருங்கள். இந்த வயதில் பரீட்சையா என்று கேட்பீர்கள். எப்படியும் ஆங்கிலத்துக்கு ஒரு பரீட்சை எழுதத்தான் போகிறீர்கள். மெக்கானிக் வேலைக்குக் கேட்கும் மொழித்தகுதி ஐந்தாம் நிலை. ஐ.இ.எல்.டி.எஸ். பொதுத் தேர்வில் கேட்டல், பேசுதல், எழுதுதல் மூன்றிலும் 5, வாசிப்பில் 4 எடுத்தால் போதும். எழுதுவதுதான் நம் ஆட்களின் காலை வாரும். அதற்கு நாலு மாதம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது தடை, கையில் ரொக்கம். கடந்த மூன்று ஆண்டுகளில் 1,560 மணி நேரம் அதே வகை வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். 14 ஆண்டு உழைத்த உங்களுக்கு அது தூசு. ஆனால் காகிதம் எங்கே? இன்றைக்கே பட்டறை முதலாளியிடம் பேசி, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். என்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து, என்ன சம்பளம் என்று பட்டறைத் தாளில் எழுதி வாங்குங்கள். ‘இவர் நல்லவர், ஒழுக்கமானவர்’ என்ற சான்றிதழ் எதற்கும் உதவாது.

எங்களிடம் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிறார். நேர்காணலுக்கு ஒரு தடிமனான நோட்டை எடுத்துவந்தார். ஆறு ஆண்டு வேலையும் அதில் இருந்தது: தேதி, வண்டி எண், என்ன கோளாறு, எதைக் கழற்றினார், எத்தனை மணி நேரம், பக்கத்துக்குப் பக்கம் பழைய முதலாளியின் சுருக்கக் கையெழுத்து. ஓரங்களில் கிரீஸ் விரல் பதிந்து தாள் கண்ணாடிபோல ஆகியிருந்தது. தலைமை மெக்கானிக் இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, ‘இந்தக் கிளட்சை இப்படியா கழற்றினாய்?’ என்று கேட்டார். இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். படிவம் என் மேசையிலேயே கிடந்தது. அரசாங்கம் அந்த நோட்டைக் கேட்கவில்லை, கேட்காது. ஆனால் வேலை கிடைத்தது அந்த நோட்டினால்தான். நீங்களும் ஒன்று போடுங்கள்.

மூன்றாவது, ஒன்டாரியோவில் லாரி, பஸ் பழுதுபார்க்க உரிமம் கட்டாயம். உங்கள் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேர்வு எழுத அனுமதிப்பார்கள். அதற்கும் அதே காகிதங்கள்தான்.

எங்கள் ஊரில் ஒரு ஏஜென்ட் 18 லட்சம் கேட்கிறார். ‘வேலைக் கடிதம் கையில், பாதிப் பணம் முன்னால்’ என்கிறார். இதுவரை நிறையப் பேரை அனுப்பியிருப்பதாகவும் சொல்கிறார். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

நம்பாதீர்கள்.

ஒரு மாலை பட்டறைக்கு ஒரு தொலைபேசி வந்தது. ‘சார், அடுத்த மாதம் வேலையில் சேருகிறேன். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புவீர்களா?’ என்று தமிழில் கேட்டார் ஓர் இளைஞர். என் பெயரைப் பார்த்து நம்மவர் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கடிதத்தை அனுப்பச் சொன்னேன். எங்கள் பட்டறையின் பெயர், முத்திரை, அடியில் என் பெயரில் ஒரு கையெழுத்து. என் கையெழுத்தைவிட அது அழகாக இருந்தது. சம்பளம் மணிக்கு 58 டாலர். எங்கள் தலைமை மெக்கானிக்கே அவ்வளவு வாங்குவதில்லை. முகவரியில் ‘சட்பரி, பிரிட்டிஷ் கொலம்பியா’. ஊரையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தம்பி அதற்குள் 6 லட்சம் கட்டியிருந்தார், அண்ணியின் நகையை அடகு வைத்து. ‘கடிதம் போலி’ என்று நான் சொன்ன பிறகு அவர் தொலைபேசியை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பின்னால் ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது மட்டும் கேட்டது.

அதனால் சொல்கிறேன். வேலைக் கடிதத்துக்குப் பணம் வாங்குவது கனடாவில் சட்டவிரோதம். பணம் கொடுத்து வாங்கிய கடிதம் என்று பின்னால் தெரிந்தாலும் உங்கள் விண்ணப்பம் போச்சு. எந்த முதலாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள் என்று பெரும்பாலான ஊர்கள் தாங்களே வெளியிடுகின்றன. அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள், பிறகு அந்த முதலாளியையே நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள், ஏஜென்ட் தந்த எண்ணில் அல்ல. விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமானால் கனடிய வழக்கறிஞரிடமோ, அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசகர் அமைப்பில் உரிமம் பெற்றவரிடமோ போகலாம். அவர்கள் வாங்குவது வேலைக்கான கூலி. வேலைவாய்ப்பை அவர்களும் விற்கக் கூடாது.

இன்னொரு கணக்கு. முந்தைய திட்டத்தில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 2,750 விண்ணப்பம்தான் உச்சவரம்பு. அதுவும் பல ஊர்கள், ஏற்கெனவே உள்ளூரில் வந்து வேலை செய்துகொண்டிருப்பவர்களைத்தான் முதலில் பார்க்கின்றன. உங்கள் ஏஜென்ட் ‘நிறையப் பேர்’ என்பதை எண்ணில் சொல்லச் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தேன், பிரெஞ்சுப் பேச்சும் சரளம். இதனால் ஏதாவது பயன்?
– வாசகி, புதுச்சேரி

அம்மா, இந்தக் கடிதக் கட்டில் இருப்பவர்களிலேயே அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். சிற்றூர்த் திட்டத்தோடு கூடவே பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கென்று ஒரு தனித் திட்டமும் வந்திருக்கிறது, 6 இடங்களில். அதில் எங்கள் சட்பரியும் டிம்மின்ஸும் உண்டு. நியூ பிரன்ஸ்விக்கின் அக்கேடிய தீபகற்பமும் உண்டு. வேலை வாய்ப்பு இதற்கும் தேவை. ஆனால் பிரெஞ்சில் ஐந்தாம் நிலை காட்டினால் போட்டி மிகவும் குறைவு. டெஃப் கனடா, டி.சி.எஃப். கனடா இரண்டில் ஒரு தேர்வு எழுதுங்கள். இங்கே வந்தபின் ஒன்று: சட்பரி பிரெஞ்சு உங்கள் காதுக்கு முதலில் பிரெஞ்சாகவே கேட்காது. சென்னைக்காரர் முதன்முதலாக நாகர்கோவிலில் இறங்கியதுபோல் இருக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கணவருக்கு டிம்மின்ஸில் வேலை உறுதியாகும்போல் இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் கணித ஆசிரியை, பி.எட். முடித்திருக்கிறேன். எனக்கு அங்கே என்ன இருக்கிறது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
– வாசகி, விருதுநகர்

கணவர்மார் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட ‘என் மனைவிக்கு அங்கே என்ன இருக்கிறது’ என்ற கேள்வி இல்லை. ஆகவே உங்களுக்குத்தான் நீளமாக எழுதப்போகிறேன்.

ஆசிரியர் வேலைக்கு ‘ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி’யின் சான்று வேண்டும். பெயரில்தான் கல்லூரி; அது உரிமம் கொடுக்கும் அமைப்பு. உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேராக அனுப்ப வேண்டும். இதை விருதுநகரில் இருக்கும்போதே தொடங்குங்கள். இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, பல்கலைக்கழகத்தில் எந்த மேசையில் நம் காகிதம் தூங்குகிறது என்று தம்பியை அனுப்பிப் பார்ப்பது பெரும்பாடு. சான்று வரும்வரை பள்ளிகளில் உதவியாளர், மதிய உணவு நேரக் கண்காணிப்பு, குழந்தைகள் காப்பகம் என்று சிறு வேலைகள் உண்டு. கணித ஆசிரியைக்கு அது இறங்குமுகம்தான். மறைக்க விரும்பவில்லை.

என் மனைவி கும்பகோணத்தில் வங்கியில் இருந்தவள். டொராண்டோவில்கூட ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தாள். சட்பரிக்கு வந்தது என் வேலைக்காக. முதல் டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கு இருட்டிவிட்டது. நான் வீடு திரும்பும்போது விளக்குப் போடாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள். ‘என்ன பார்க்கிறாய்?’ என்றால், ‘எதிர் வீட்டுக்காரர் பனி அள்ளுகிறார்’ என்பாள். அவர் எப்போதும் பனிதான் அள்ளிக்கொண்டிருப்பார். பிப்ரவரியில் ஒருநாள் அவளே போய், மளிகைக் கடையில் இரவு நேரத்தில் அலமாரி அடுக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை. அந்தக் கடையில்தான் அவளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள், கார் ஓட்டச் சொல்லித் தந்ததும் அவர்கள்தான். இரண்டு ஆண்டு கழித்து ஒரு கடன் சங்கத்தில் காசாளர் வேலை கிடைத்தது.

எங்கள் பட்டறை இதுவரை இந்த வழியில் எடுத்தது 5 பேர். 3 பேர் இருக்கிறார்கள், 2 பேர் போய்விட்டார்கள். போன இருவருக்கும் எங்களிடம் சம்பளக் குறை இல்லை. ஒருவரின் மனைவி மருந்தாளுநர். உரிமத் தேர்வுக்குப் படிக்கத் துணையில்லாமல் தெற்கே போனாள், அவரும் பின்னாலேயே போனார். இன்னொருவருக்கு நாலு பிள்ளைகள், ஊரில் அந்த அளவுக்கு வாடகை வீடு அமையவில்லை. ஆள் எடுக்கும்போது இப்போது எங்கள் முதலாளி, வருகிறவரின் மனைவியோடும் ஒருமுறை பேசிவிடுகிறார். அந்த யோசனையைச் சொன்னது நான். அதற்குப் பெயர் கிடைத்தது அவருக்கு.

புறப்படுவதற்கு முன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். டிம்மின்ஸ் 41,000 பேர் வாழும் ஊர், ஆனால் பரப்பில் பெரிது. பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாத இடங்கள் அதிகம்.

இது புது வேடம் போட்ட கங்காணி முறை அல்லாமல் வேறென்ன? அன்று தேயிலைத் தோட்டம், இன்று சுரங்க ஊர்.
– வாசகர், நுவரெலியா

எழுதிய இடத்தைப் பார்த்ததும், இதை லேசாகக் கடக்கக் கூடாது என்று தோன்றியது. உங்கள் முன்னோருக்கு, தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி முன்பணம் கொடுத்தான். கடன் எழுதிய ‘துண்டு’ சீட்டு தோட்டத்துக்குத் தோட்டம் கூடவே போனது. கடனைத் தீர்க்காமல் ஆள் நகர முடியாது.

ஒற்றுமை எங்கே என்றால், இங்கும் பி.ஆர். கைக்கு வரும்வரை வொர்க் பர்மிட் ஒரே முதலாளியின் பெயரில்தான். அந்த மாதங்களில் சம்பளத்தைக் குறைத்தாலோ, ஞாயிற்றுக்கிழமையும் வா என்றாலோ, வாயை மூடிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஏஜென்டிடம் பட்ட கடனும் சேர்ந்தால், அதுதான் இன்றைய துண்டு. வேற்றுமை என்னவென்றால், பி.ஆர். வந்த மறுநாள் அவர் எழுந்து போகலாம், யாரும் தடுக்க முடியாது. கனடாவின் உரிமைச் சாசனம் 6ஆவது பிரிவில், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் எந்த மாகாணத்திலும் குடியிருந்து பிழைக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. தோட்டத்துக்காரருக்கு அப்படி ஒரு மறுநாள் இருக்கவில்லை. விண்ணப்பத்தில் ‘இந்த ஊரில் வாழ எண்ணம்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த எண்ணம் அன்றைக்கே பொய்யாக இருந்தால் அது குற்றம். வாழ்ந்து பார்த்து மனம் மாறினால் குற்றமில்லை.

கங்காணி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவன் இப்போது ஊரில் ஏ.சி. போட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து 18 லட்சம் கேட்கிறான்.

ஆஸ்திரேலியாவிலும் இதுபோல் உண்டாமே?
– வாசகர், சிவகாசி

உண்டு. 491 என்ற விசா, 2019 நவம்பரில் வந்தது, ஐந்து ஆண்டுக்குத் தருகிறார்கள். அங்கே வரிசை தலைகீழ். முதலில் மூன்று ஆண்டு பெருநகரத்துக்கு வெளியே வாழ்ந்து காட்ட வேண்டும், பிறகுதான் பி.ஆர். கேட்கலாம். ஆள் நிலைப்பதற்கு அது கெட்டியான ஏற்பாடு. ஆளுக்கு அது மூன்று ஆண்டு மூச்சடக்கல். வேடிக்கை என்னவென்றால் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நீங்கலாக மற்றதெல்லாம் அந்தக் கணக்கில் ‘வெளியூர்’தான், பெர்த் உட்பட.

நாற்பது ஆண்டாகக் கனடாவில் இருக்கிறோம். எங்கள் ஆட்கள் ஏன் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியை விட்டு நகர்வதே இல்லை?
– வாசகர், யாழ்ப்பாணம் (இப்போது டொராண்டோ)

உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது, அண்ணா. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஷாட்ஸ் கரைக்கு அப்பால், மூடுபனிக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டது கஸ் டால்டன் என்ற மீனவர். தங்களைக் கடலிலிருந்து காப்பாற்றியவர்கள் ஒரு சின்னஞ்சிறு மீன்பிடி ஊரின் மக்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் சில நாள்களில் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்டார்கள். போகாமல்? பேச ஒரு வாய், கேட்க ஒரு காது அங்கேதானே இருந்தது.

மானிடோபாவில் நீபாவா என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய பன்றியிறைச்சி ஆலை இருக்கிறது, வேலைக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் வந்தார்கள். வந்தவர் தம்பியை அழைத்தார், தம்பி மச்சானை அழைத்தான். 2016இல் 4,600 பேர் இருந்த ஊர், 2021 கணக்கெடுப்பில் 5,700ஐத் தொட்டுவிட்டது. இந்த ஊர்த் திட்டம் வருவதற்கு முன்பே, மாகாண நியமனத் திட்டத்தின் வழியாக நடந்தது அது. ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து தனியாக நட்டால் வேர் பிடிப்பதில்லை. பத்துக் குடும்பம் ஒன்றாக வந்தால் அவர்களே கறிவேப்பிலைக்கு ஒரு கடை திறந்துவிடுவார்கள். சட்பரிக்கு ஸ்கார்பரோவிலிருந்து இப்போது சில குடும்பங்கள் வருகின்றன, வீட்டு விலைக்குப் பயந்து. பயம் எதுவானாலும் சரி, வரட்டும்.

குளிர் தாங்குமா? ஒரு வரியில் சொல்லுங்கள்.
– வாசகர், வேலூர்

தாங்கும், கார்தான் தாங்காது. மைனஸ் 30இல் என்ஜின் எண்ணெய் பாகாக இறுகிவிடும். அதனால் இங்கே காரின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்கும். இரவில் அதைச் சுவரில் செருகி என்ஜினைச் சூடாக வைத்திருக்க வேண்டும். வந்த புதிதில் எல்லாக் கார்களிலும் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு, இந்த ஊர் முழுக்க மின்சாரக் கார் என்று என் தங்கைக்கு எழுதினேன். வேலூர்க்காரரே, உங்களைக் குளிர் ஒன்றும் செய்யாது. மே மாதக் கடைசியில் கிளம்பும் கருப்பு ஈ செய்யும். காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வந்தபிறகுதான் தெரியும்.

மருத்துவ வசதி எப்படி? அம்மாவுக்கு இதய நோய்.
– வாசகர், காரைக்குடி

பெரிய மருத்துவமனை சட்பரியில் உண்டு, அவசரத்துக்குக் குறையில்லை. குடும்ப மருத்துவர் கிடைப்பதுதான் கஷ்டம். எனக்கு நாலு ஆண்டு ஆயிற்று. சில சிறப்பு மருத்துவர்களுக்கு டொராண்டோ போக வேண்டிவரும், 400 கிலோமீட்டர். வடக்கே இருப்பவர்களுக்கு அந்தப் பயணச் செலவில் ஒரு பகுதியை மாகாண அரசு தருகிறது. பெற்றோரை அழைத்துவரும் எண்ணத்தை முதல் இரண்டு ஆண்டு தள்ளிவையுங்கள்.

கேலி செய்யாதீர்கள். அங்கே இட்லி மாவு புளிக்குமா?
– வாசகி, மதுரை

கேலியா? இந்த ஊருக்கு வருகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி இதுதான். சமையலறை மேடையில் வைத்தால் மூன்று நாளானாலும் மாவு அசையாது. மின்அடுப்பின் அறைக்குள் வையுங்கள். சூட்டைப் போடாமல் உள்ளே இருக்கும் சிறு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அந்த ஒரு விளக்கின் சூட்டிலேயே காலைக்குள் பொங்கிவிடும். ஆனால் அடுப்புக் கதவில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். ஒருமுறை நாங்கள் ஒட்ட மறந்தோம். நடுராத்திரியில் என் மகன் பீட்சா சுட அடுப்பை 425க்குத் திருப்பிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். பிளாஸ்டிக் டப்பா உருகி, மாவோடு சேர்ந்து கம்பித் தட்டில் ஒட்டிக் கிடந்ததைத் திருப்புளியால் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதாக ஆயிற்று.